வீட்டு ரேடியோ அலைக் கருவி: மாதங்கள் கடந்தபின் முகத்தில் என்ன மிஞ்சுகிறது

இந்தக் கருவி ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கி முகத்தை இறுக்கும். முதல் முறை முடித்ததும் கண்ணாடியில் தெரியும் மினுமினுப்பை நம்ப வேண்டாம். அது சூட்டில் வந்த லேசான வீக்கம், மறுநாளே வடிந்துவிடும். தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி முகம் இறுகுவது தெரிய மூன்று மாதமாவது ஆகும்; ஆறு மாதம் வரைகூடத் தொடரும். தை முகூர்த்தத்துக்கு முகம் தெளிய வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். பெரும்பாலோர் இரண்டாவது மாதத்தில் "ஒண்ணும் காணோமுங்க" என்று கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பலன் தெரியத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

எல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸை எட்டி, அந்தச் சூடு சில நிமிடம் நிற்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே ஓட்டமாகத் தேய்த்தால் எந்த இடமும் சூடாகாது. ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கருவியின் தலையில் இருக்கும் மின்முனைகள் (மின்சாரம் பாயும் உலோக முனைகள்) எல்லாம் தோலில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். தாடை எலும்பு, கன்ன எலும்பு மேல் போகும்போது ஒரு ஓரம் தூக்கிக்கொண்டால், ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் மின்சாரம் குவிந்து சுருக்கென்று சுடும். கொப்புளம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

தேங்காயெண்ணெய் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது, எண்ணெய் மின்சாரம் கடத்தாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லைத் தாராளமாகப் பூசுங்கள், எந்த ஜெல் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடியில் ஜெல் சீக்கிரம் காயும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் மின்முனைகளை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும்.

லேசர் போல இது தோலின் நிறமியைக் குறிவைப்பதில்லை. அதனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒத்துவரும். ஆனால் சுட்டுவிட்டால் நம் தோலில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மறுநாளும் சிவப்பு மாறவில்லையென்றால் அடுத்த முறையைத் தள்ளிப்போடுங்கள். ஈரோட்டு வெயிலில் வண்டியில் அலைபவர்கள் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசாமல் இதைச் செய்வது வீண். உண்டான கொலாஜனை வெயில் உடைத்துவிடும்.

மெல்லிய கோடுகளும் லேசான தளர்வும் குறையும். தொங்கிப்போன கழுத்தை இது தூக்கி நிறுத்தாது. விட்டுவிட்டால் பலன் மெல்லக் கரையும், அதனால் பராமரிப்புக்கு இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். கண்ணிமை, தைராய்டு இருக்கும் முன்கழுத்து இரண்டையும் விட்டுவிடுங்கள். முகத்தில் ஃபில்லர் (குழி, சுருக்கத்தை நிரப்பும் ஊசி) போட்டிருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டபிறகே கருவியை எடுங்கள்.