வெறும் வயிற்றுச் சோதனையா, எச்பிஏ1சி-யா?

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அறிய இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் எதை எடுப்பது? முன்னது வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை அளக்கும்; பின்னது (HbA1c) சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளக்கும்.

தயாரிப்பு: வெறும் வயிற்றுச் சோதனைக்கு 8 மணி நேரம் உண்ணக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். எச்பிஏ1சி எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

நோய் எல்லை: வெறும் வயிற்றில் 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல்; எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்.

செலவு: முன்னது மலிவு.

நம்பகம்: முன்னது அன்றைய நிலையைத்தான் காட்டும், காய்ச்சல்கூட எண்ணை ஏற்றிவிடும். பின்னது 2, 3 மாதச் சர்க்கரை அளவின் சராசரியைக் காட்டும். ஆனால் அது சிவப்பணுக்களைச் சார்ந்தது. ரத்தசோகை இருந்தாலோ அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ தவறாகக் காட்டலாம். மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சோதனையே பொருத்தம். பட்டினி இருக்க முடியாதவர்களுக்கு எச்பிஏ1சி. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் எல்லையைத் தாண்டினால் மறுபரிசோதனை அவசியம்.

குழந்தை அடங்காத தாகத்துடன் அடிக்கடி சிறுநீர் கழித்து, வேகமாக மெலிந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள். அது முதல் வகை (டைப் 1) நீரிழிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.