பக்தாத் நிலவறையில் நனைந்த தாள்கள்: ஓர் இணையக் காப்பகம் பற்றி

பழைய பதிவேடுகளோடு வேலை செய்கிற எவரும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஈராக்கிய யூத ஆவணத் தொகுப்பை இணையத்தில் திறந்து பார்க்க வேண்டும். காசு கட்டத் தேவையில்லை.

2003 மே மாதம், சதாம் உசேனின் உளவுத்துறைத் தலைமையகத்து நிலவறையில் வெள்ளத்துக்குள் கிடந்தவை இவை. 2,700க்கும் மேற்பட்ட புத்தகங்கள், பல்லாயிரம் தாள்கள். நனைந்தவற்றை உறையவைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஈரம் எடுத்து, சுத்தம் செய்து படமெடுத்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கல்லடியில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த விவரம் எழுதும் சேர்விடாப்புகளை வெயிலில் விரித்துக் காயவைத்த பாடசாலை லிகிதர் நான். பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போன தாள் எத்தனை பேருடைய பிறந்த திகதியை விழுங்கும் என்று எனக்குத் தெரியும். உறையவைத்தால் பூஞ்சணம் வளராது, மையும் மேலும் ஊறாது. அந்த வேலையைப் பார்க்கவே இந்தத் தளத்துக்குப் போகலாம்.

1568இல் அச்சான எபிரேய வேதாகமம் இருக்கிறது, சரி. என்னை நிறுத்திவைத்தவை பள்ளிக்கூடப் பதிவுகள்தான். பெயரும் புகைப்படமுமாகப் பிள்ளைகள். 1941 ஜூனில் பக்தாத்தில் யூதர்கள் நூற்றுக்கும் மேல் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 1950இல், வெளியேறுவதென்றால் குடியுரிமையை விட்டுவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படிப் பதிந்தவர்களின் சொத்துகளை அடுத்த ஆண்டே முடக்கினார்கள். சுமார் 120,000 பேர் விமானமேறி இஸ்ரேலுக்குப் போய்க் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். யெமன், எகிப்து, லிபியா என்று அரபு நாடுகள் எல்லாம் சேர்த்தால் வெளியேறிய யூதர்கள் எட்டு இலட்சம் அளவில் வரும்.

1948இல் வீடிழந்த பலஸ்தீனரைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம் நண்பர்கள் பேசும்போது நானும் சேர்ந்து பேசுகிறவன். அதே வாயால் இவர்களையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு விடயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தொகுப்பை ஈராக்குக்கே திருப்பித் தருவதாக 2003இல் அமெரிக்கத் தரப்பில் உடன்பட்டிருக்கிறார்கள். வெளிநாடுகளில் வாழும் ஈராக்கிய யூதர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளும் இதை எதிர்க்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம். ஒரு சமூகத்திடமிருந்து உளவுத்துறை எடுத்து அடைத்துவைத்ததற்கு அந்த அரசு எப்படி உரித்தாளி ஆகும்? பதிவில் பெயருள்ள பிள்ளை வயதாகி லண்டனிலோ இஸ்ரேலின் ரமத்கானிலோ இருக்கலாம். தாள் அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

தமிழில் விளக்கம் எதுவும் கிடையாது. கைத்தொலைபேசியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், கணினியில் பாருங்கள். பள்ளிப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்.