ஊர் வீட்டு மோட்டாரும் என் போனும்: மூன்று வருட அனுபவம்

நான் இருப்பது சென்னை மேடவாக்கம். அப்பா அம்மா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில். போர் மோட்டார் சுவிட்ச் கொல்லைக் கொட்டகையில் இருக்கிறது. விடியற்காலையில் அப்பா டார்ச்சோடு போய்ப் போடுவார், அணைக்க மறந்துவிடுவார். ஒருநாள் கொட்டகை வாசலில் பாம்பு கிடந்ததைக் கேள்விப்பட்டதும்தான் 2022 தீபாவளிக்குப் போனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் சாமான்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போனேன்.

முதலில் வீணாய்ப் போனதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பல்பு ஆறு வாங்கினேன். அம்மா பழக்கதோஷத்தில் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவார். அப்புறம் அதுவும் செத்த பல்புதான், சென்னையிலிருந்து நான் என்ன அமுக்கினாலும் எரியாது. ஆறும் இப்போது பரணில்.

மோட்டார் அப்படியில்லை. ஸ்மார்ட் பிளக்கில் நேராக மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிளக்குக்குள் கரண்டைத் திறந்து மூடும் குட்டி ரிலே ஒட்டிக்கொண்டால் போனில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச், போட்டார். ஸ்மார்ட் சுவிட்ச் கான்டாக்டரை மட்டும் இயக்கும், மோட்டார் பளு முழுதும் கான்டாக்டர் மேல். 25 நிமிடத்தில் தானாக அணைய டைமர் வைத்தோம். டைமர் கருவிக்குள்ளேயே ஓடுகிறது, நெட் போனாலும் அணைந்துவிடும். வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இவ்வளவு செய்தும் 2023 ஆவணியில் மாட்டிக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மோட்டார் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் திரும்பினால் பழைய நிலைக்கே வரும்படி கருவியில் அமைப்பு இருந்தது, நான் கவனிக்கவில்லை. ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிட்டது. டைமர் மட்டும் திரும்பக் கிளம்பவில்லை. காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை போன் செய்தார்: "டேய், உங்க வீட்டு மாடியில மட்டும் மழை பெய்யுதுடா!" அன்றைக்கே அமைப்பை மாற்றிவிட்டேன். இப்போது கரண்ட் வந்தால் எல்லாம் ஆஃபில்தான் இருக்கும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. இன்வெர்ட்டர் லைனில் ஃபேனும் லைட்டும்தான் இருந்தன, ரூட்டர் இல்லை. அதனால் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். பாதிதான் பலன். நெட் வருகிற, தெருவில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே!

பெரியப்பா வயலில் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் பல வருடமாக இருக்கிறது. போன் அடித்தால் மோட்டார் ஓடும். வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். மோட்டாருக்கு மட்டும் என்றால் இன்றைக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.

கேமரா வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று. இரவில் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி வலை பின்னும். ராத்திரி இரண்டு மணிக்கு "ஆள் நடமாட்டம்" என்று போன் அலறும். திறந்தால் திரை முழுக்கப் பல்லி வயிறு. வாரம் ஒருமுறை துடைப்பமும், மனித உருவத்துக்கு மட்டும் எச்சரிக்கை என்ற அமைப்பும் சேர்ந்து தொல்லையைக் குறைத்தன. மெமரி கார்டு 14 மாதத்தில் போய்விட்டது. நாள் முழுக்க எழுதி அழிக்கும் வேலைக்கென்றே தனி வகை கார்டு உண்டு, கொஞ்சம் விலை அதிகம்.

கூடத்திலும் ஒரு கேமரா வைத்தேன். அம்மா மூன்றாம் நாளே அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். "நான் நைட்டியோட உக்காந்திருக்கறதை எவன் எவன் பாக்குறானோ." அவர் பயப்படுவதில் தப்பில்லை. 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து வைத்துக்கொண்டுதான் இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. கூடத்துக் கேமராவைக் கழற்றிவிட்டேன். வெளியே இருக்கும் இரண்டுக்கும் கடவுச்சொல்லை மாற்றி, ஓடிபி வந்தால்தான் கணக்கு திறக்கும்படி வைத்திருக்கிறேன்.

அப்பா இன்னமும் ஆப்பைத் தொடுவதில்லை. பளபளவென்று விடிந்த பிறகு கொட்டகைக்குப் போய்க் கருவியின் பொத்தானைத் தானே அமுக்கிவிட்டு எனக்குப் போன் செய்கிறார். "மோட்டார் போட்டுட்டேன். ரொம்பினதும் நீ அணைச்சுடு."