மழைக் கணிப்பில் மாடலா, மனிதரா?

ஐந்து நாள் கழித்து வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகுமா என்று கேட்டால், எவ்வளவு பழுத்த அனுபவசாலியாக இருந்தாலும் வானிலையைக் கணிக்கும் கணினி மாடலைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. இந்தச் சுற்றில் மனிதர் போட்டியிலேயே இல்லை. செயற்கைக்கோள், விமானம், மீனம்பாக்கத்தில் காலையும் மாலையும் பறக்கவிடும் பலூன் என்று உலகம் முழுக்க வரும் அளவீடுகளை வாங்கி, காற்றின் இயற்பியலைக் கணக்குப் போடுகிறது கணினி. இத்தனையையும் எந்தத் தலையும் தாங்காது.

அனுபவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 அக்டோபரில் வந்த சாண்டி புயலைச் சொல்லலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஏறும் புயல்கள் வழக்கமாக வலப்பக்கம் திரும்பி அட்லாண்டிக்குக்குள் போய்விடும். சாண்டியும் அப்படியே போகும் என்றுதான் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடல் பல நாட்கள் காட்டியது. ஐரோப்பிய மாடலோ, இடப்பக்கம் திரும்பிக் கரையில் ஏறும் என்று ஒரு வாரம் முன்பே காட்டிவிட்டது. 29ஆம் தேதி புயல் நியூஜெர்சியில் கரை ஏறியது.

ஆனால் 'மாடல்' என்று ஒருமையில் பேசுவதே தவறு. ஐரோப்பிய மாடலை நடத்தும் ஐரோப்பிய வானிலை மையம் ஒவ்வொரு முறையும் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 தடவை ஓட்டிப் பார்க்கிறது. அதில் சிலவற்றில் புயல் நெல்லூர் பக்கம் போகும், சிலவற்றில் நாகப்பட்டினம் பக்கம் வரும். அவற்றில் மிரட்டலான ஒரே ஒரு படத்தை வெட்டி வாட்ஸப்பில் 'சென்னைக்குப் பேராபத்து' என்று போடுவது கணிப்பே அல்ல. பத்து நாள் தள்ளி ஜிஎஃப்எஸ் வரையும் வங்கக் கடல் புயல்களில் பல உருவாவதே இல்லை. எந்த மாடல் எப்போது மிகைப்படுத்தும் என்பது தெரிய, நாலைந்து பருவமழையையாவது கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இன்றைய தேதியில் அனுபவம் என்பதே பெரும்பாலும் இதுதான்.

கடைசி ஆறு மணி நேரத்தில் மனிதர் கை ஓங்குகிறது. வடகிழக்குப் பருவத்தில் சென்னை மழைக்கு ஒரு குணம் உண்டு: பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் கடலிலிருந்து வரும். தரையிலிருந்து வீசும் இரவுக் காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்றும் கரையோரக் கடலில் முட்டிக்கொண்டு மேகத்தை எழுப்பும். பழகிய கண் ரேடாரில் கிழக்கே தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்தே அடையாறுக்கு எப்போது வரும் என்று சொல்லிவிடும். ஐரோப்பிய மாடல் வரைபடத்தைப் பிரிக்கும் ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். அதற்குள் ஒரு பேட்டை நனைந்து பக்கத்துப் பேட்டை காய்ந்துகிடக்கலாம். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையை மாடல்கள் முன்கூட்டிப் பிடிக்கவில்லை. ரேடாரைப் பார்த்தவர்களுக்கும் கிடைத்த அவகாசம் கொஞ்சம்தான்.

மனிதர் செய்யும் இன்னொரு வேலை, எந்தத் தப்பு குறைவான சேதம் தரும் என்று முடிவெடுப்பது. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள், ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்கள், கடைசியில் பயந்த அளவு மழை வரவில்லை. கேலி நிறைய வந்தது. எச்சரித்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அலர்ட் கொடுக்காமல் மழை வந்திருந்தால் கேலியோடு முடிந்திருக்காது.

இரண்டு பேரும் தோற்கும் இடமும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. கனமழை வரும் என்று தெரிந்தது; 95 வரும் என்று யார் சொல்ல முடியும்? தூத்துக்குடிக் கரையில் அப்படி ஒரு மழையை யாரும் கண்டதில்லை.

இப்போது வந்திருக்கும் ஏஐ மாடல்களுக்கும் இதே கேள்விதான். 2023இல் வந்த கிராஃப்காஸ்ட் சுமார் நாற்பது வருட வானிலைப் பதிவுகளைப் படித்துவிட்டு, பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. அதாவது அதுவும் பழசைப் பார்த்துப் பழகிய ஆள்தான், இயற்பியல் கணக்குப் போடுவதில்லை. கண்டிராத மழை வந்தால் அனுபவசாலிகளைப் போலவே அதுவும் தடுமாறக்கூடும். ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன் ஏஐ மாடலை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் பழைய இயற்பியல் மாடலை நிறுத்தாமல் பக்கத்திலேயே ஓடவிட்டிருக்கிறது.