இரண்டு தோட்டா, அறுநூறு கிராம்: டெரிஞ்சரைச் சுட்டுப் பார்த்த கதை

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்து நான்கு நாளாகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலாக் கடை நடத்துகிறவன் நான். அந்தக் கையோடு ‘மாமியார் மசாலா’வை அள்ளிப் பொட்டலம் கட்டிப் பாருங்கள், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரிந்துவிடும். எரிச்சல் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அடங்கிவிட்டால் துப்பாக்கியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கூடுதலாக வந்துவிடும்.

புண்ணுக்குக் காரணம் டெரிஞ்சர் என்கிற ஒரு குட்டிக் கைத்துப்பாக்கி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல், குழலுக்கு ஒரு தோட்டா, உள்ளங்கையில் முக்கால்வாசி மறைந்துவிடும் அளவு. அமெரிக்கத் தயாரிப்பு. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைக்கே உரியவை, ஒரு கம்பெனியைப் பிடித்துத் திட்டிப் பயனில்லை.

முன்கதை கொஞ்சம். மயிலாடுதுறையிலிருந்து 1999-இல் இங்கே வந்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கடை. நிரந்தர வசிப்பு அனுமதி கிடைத்த பிறகுதான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட முடிந்தது, அது இல்லாத வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. இடுப்பில் சட்டைக்கு அடியில் ஒரு ஒன்பது எம்.எம். பிஸ்டல், பல வருடமாக. 2021 ஜூலைக் கலவரத்தின்போது தெருமுனையில் டயரை அடுக்கி நாலு இரவு காவல் நின்றோம். அப்போதுதான் மனதில் அந்தக் கேள்வி விழுந்தது: இது சிக்கிக்கொண்டால்? கையிலிருந்து எவனாவது பிடுங்கிவிட்டால்? அப்போதிலிருந்து ‘பேக்கப்’, அதாவது கைவசம் இரண்டாவதாக ஒரு துப்பாக்கி, என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படிப்பேன்.

டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் எனக்கு ஒரு அண்ணன் உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை, இருபது வருடப் பழக்கம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் நாலாம் தலைமுறை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்குகிற அதே ஆள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு பழைய பாணித் துப்பாக்கிகளில் போட்டி போடப் போவார். டெரிஞ்சர் அவருடையது. அந்தப் போட்டிகளில் பாக்கெட் துப்பாக்கிக்கென்று தனிச் சுற்று உண்டு, அதற்காக வாங்கியது. “தம்பி, ஒன்னு வாங்கிப் போட்டுக்கோ. ரெண்டு குண்டு போதும், மூனாவதுக்கு நீ ஓடிடணும்” என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லைசென்ஸ்காரர் பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டால் அவர் துப்பாக்கியை இன்னொருவர் சுடச் சட்டம் இடம் தருகிறது. போன சனிக்கிழமை கடையைப் பையனிடம் விட்டுவிட்டுச் சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குப் போனேன்.

கையில் வாங்கியதும் முதலில் தோன்றியது: இதென்ன இவ்வளவு கனம்! முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, மூன்றரை அங்குலக் குழல், காலியாகவே அறுநூறு கிராமுக்கு மேல். நம் ஊர் எடைக்கல் அரைக் கிலோவை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நடப்பது போல. இதோடு வைத்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2008-இல் வந்த ரூகர் எல்சிபி என்ற பாக்கெட் பிஸ்டல், .380 அளவுத் தோட்டா, தோட்டா அடுக்கும் மேகசினில் ஆறு, காலி எடை முந்நூறு கிராமைத் தொடாது. பாதி எடையில் மூன்று மடங்கு தோட்டா. டெரிஞ்சர் ‘குட்டி’ என்பது நீளத்தில் மட்டும்தான். பாண்டின் முன்பாக்கெட்டில் போட்டுக் காரில் உட்கார்ந்து பார்த்தேன். தொடையில் அம்மிக் குழவி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்படி வெறுமனே பாக்கெட்டில் போட்டதும் ரேஞ்சுக்குள், காலித் துப்பாக்கியோடு, சும்மா அளவு பார்க்கத்தான். வெளியே அது குற்றம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு இணைந்த உறையிலோ, பை போன்ற ஒன்றிலோ இருக்க வேண்டும். முழுக்க மறைந்திருக்க வேண்டும், நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். சூதாடி தன் உட்சட்டைப் பையிலிருந்து சட்டென்று உருவுவது சினிமாவுக்குச் சரி.

சுடுவதற்கு வருவோம். இதில் சுத்தியல் ஒன்று, குழல் இரண்டு. ஒவ்வொரு முறை சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போதும் உள்ளே அடிக்கும் ஊசி மேலும் கீழுமாக இடம் மாறுகிறது. அழகான வேலைப்பாடுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அவசரத்தில் செய்ய வேண்டியதை எண்ணிப் பாருங்கள். உறையிலிருந்து எடு, தவறிச் சுடாமல் காக்கும் குறுக்குப் பூட்டைத் தள்ளு, சுத்தியலைக் கட்டைவிரலால் இழு, சுடு, மறுபடி இழு, மறுபடி சுடு. என் ஒன்பது எம்.எம்.மில் எடு, சுடு, அவ்வளவுதான். மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் பழகிய என் விரல்கள் கரடுமுரடானவை, அதற்கே அந்தச் சுத்தியலின் ஸ்பிரிங் விடாப்பிடியாக நின்றது. வியர்வையில், பயத்தில், ஒரு கையில்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ட்ரிகர் இன்னொரு கூத்து. நேராகப் பின்னுக்கு இழுத்தால் பாறை மாதிரி நிற்கிறது. பின்னும் கீழுமாகச் சாய்த்து இழுத்தால் இறங்குகிறது. அண்ணன் இதைச் சொல்லத்தான் செய்தார், என் விரலுக்குத்தான் கேட்கவில்லை. முதல் தோட்டா ஐந்து மீட்டர் தூரத்தில் தொங்கிய அட்டைக்குக் கீழே மண்ணில் போய் விழுந்தது. ஐந்து மீட்டர்! என் கடைக் கல்லாவிலிருந்து வாசல் வரை உள்ள தூரம். ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பிரிக்கானர், அதாவது இந்த ஊர் வெள்ளைக்காரப் பெரியவர் காதுமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நாலைந்து சுட்ட பிறகு விரல் பழகியது. இதில் குழலைக் கழற்றி வேறு அளவு மாட்டலாம். .38 குழலை மாட்டிச் சுட்டால் வலி தாங்கும்படி இருக்கிறது, ஏழு மீட்டரில் தட்டளவு வட்டத்துக்குள் போட முடிந்தது. மேல் குழலும் கீழ்க் குழலும் ஒரே இடத்தில் அடிப்பதில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை. எது அடுத்தது என்று நினைவு வைத்துக்கொண்டு குறி வைக்க வேண்டும். அண்ணனுக்கு அது அத்துப்படி. எனக்குக் காலையில் எந்த மூட்டையைப் பிரித்தேன் என்பதே நினைவிருப்பதில்லை.

பிறகு .45 கோல்ட் (Colt) என்ற பெரிய தோட்டா போடும் குழல். அதுதான் தோலைப் பெயர்த்தது. குட்டையான, வழவழப்பான மரப்பிடி. சுண்டுவிரலுக்கு அதில் இடமே இல்லை. சுட்டதும் துப்பாக்கி கையில் சுழன்று மேலே ஏறுகிறது. முதல் வெடிக்குப் பின் பிடியைத் திருத்திக்கொள்ளாமல் இரண்டாவதைச் சுட முடியாது. ஆறு தோட்டாவோடு கீழே வைத்துவிட்டேன்.

அதே குழலில் .410 சின்ன ரவைத் தோட்டாவும் போகும், பாம்புக்கு நல்லது என்று விளம்பரம். மூன்று மீட்டரில் ஒன்று சுட்டேன். ரவை ஒரு பெரிய தாம்பாளம் அகலத்துக்குச் சிதறி, நடுவில் மட்டும் வெறிச்சென்று ஓட்டை விட்டிருந்தது. .45-க்காகக் குழலுக்குள் சுருளாகப் போட்ட வரித்தடம் ரவையைச் சுழற்றி வெளியே வீசுவதால் வரும் வினை. நம் பக்கத்தில் கருப்பு மாம்பாவும் உண்டு, எச்சில் துப்பும் நாகமும் உண்டு, நிஜம்தான். மூன்று மீட்டரில் மாம்பாவைப் பார்த்தவன் செய்ய வேண்டியது மெதுவாகப் பின்வாங்கிப் பாம்பு பிடிப்பவருக்குப் போன் போடுவது. வீடுகள் நிறைந்த இடத்தில் தகுந்த காரணமின்றித் துப்பாக்கி வெடித்தால் அது தனிக் குற்றம்.

தோட்டா மாற்றும் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். நெம்புகோலைத் தள்ளி, குழலை மேலே மடக்கி, காலித் தோட்டாவை நகத்தால் நெம்பி எடுத்து, புதிதாக இரண்டு போட்டு மூட வேண்டும். நான் மூடுவதற்குள் அண்ணன் சத்தமாகப் பதினாறு வரை எண்ணிவிட்டார். வேண்டுமென்றே வேகமாக எண்ணினார் என்பது என் சந்தேகம்.

நல்லதும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மேகசின் இல்லை, சுடும்போது பின்னே ஓடும் மேல்பகுதியான ஸ்லைடு இல்லை, ஆகவே சிக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒருவன் மேலே விழுந்து அமுக்கும்போது பிஸ்டலை அவன் உடம்போடு அழுத்தினால் ஸ்லைடு பின்னுக்குப் போய்ச் சுடாமல் நின்றுவிடும். டெரிஞ்சர் அப்படியும் சுடும். அண்ணனுடையதில் சுத்தியல் அடித்ததும் சற்றுப் பின்வாங்கி நின்றுகொள்கிறது. அது இல்லாத பழைய, மலிவான வகைகளில் சுத்தியல் ஊசி மேலேயே உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. பழையது வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பெயரின் கதை வேடிக்கையானது. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்பவர் செய்தது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கனைச் சுட்டது அதில்தான். அவர் பெயரில் ஆங்கிலத்தில் நடுவே ஒரே ஒரு ‘r’. நகல் செய்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் இன்னொன்றைச் சேர்த்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் இந்த வம்பே இல்லை. நாம் இன்று பார்க்கும் இரட்டைக் குழல் வடிவம் ரெமிங்டனுடையது. 1866-இலிருந்து 1935 வரை சுமார் ஒன்றரை லட்சம் செய்தார்கள். அதன் .41 குண்டு நொடிக்கு 130 மீட்டர் வேகம்தான் போகும், இன்றைய ஒன்பது எம்.எம். அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். வேறு சின்னத் துப்பாக்கி கிடைக்காத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாங்கலாம் என்று முடிவெடுத்தாலும், இந்த நாட்டில் ‘பேக்கப்’ என்பதே இடறுகிறது. தற்காப்புக்கான 13-ஆம் பிரிவு லைசென்ஸ் ஒருவருக்கு ஒன்றுதான். அமெரிக்கப் பத்திரிகைகள் இடுப்பில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று எழுதுவதைப் படித்துவிட்டு நாம் இங்கே ஆசைப்படுகிறோம். என் ஒரு லைசென்ஸ் பிஸ்டலுக்குப் போய்விட்டது. இன்னொன்று வேண்டுமானால் 15-ஆம் பிரிவில், விளையாட்டுக்கு அல்லது வேட்டைக்கு என்று காரணம் எழுத வேண்டும். அண்ணன் தொப்பி போட்டுப் போட்டிக்குப் போகிறார், எழுத அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் என்ன எழுதுவது, மசாலாக் கடையில் மான் வேட்டை என்றா? முதல் துப்பாக்கியே இல்லாத ஒருவர் அந்த ஒரே தற்காப்பு லைசென்ஸை இரண்டு தோட்டாவுக்குச் செலவழிப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து மயங்கும் இளைஞர்கள் உண்டு, அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன்.

இரண்டாவது துப்பாக்கி என்றால் இரண்டாவது தலைவலியும்தான். தொலைந்தாலோ திருடு போனாலோ 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும், அஜாக்கிரதை என்று தெரிந்தால் நம்மேலேயே வழக்கு. உள்ளங்கையில் அடங்குகிற சாமான் எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகும் என்று கடைக்காரனுக்குத் தெரியும். என் கடையில் வாரத்துக்கு இரண்டு பேனா தொலைகிறது.

திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன் கேட்டார், “அப்ப வேணாமா?”

“வேணாம்ணா. அந்தக் காசுக்கு நல்ல உறை ஒன்னும் தோட்டாப் பெட்டி நாலும் வாங்கி இருக்கிறதையே ஒழுங்காச் சுடப் பழகிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டு, வழியில் நிறுத்தி, ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தரும் ‘பன்னி சவ்’ வாங்கிக் கொடுத்தார். புண்ணுள்ள கையால் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபோது கண்ணில் நீர் வந்தது. காரம்தான் காரணம் என்று சொல்லி வைத்தேன். அடுத்த மாதம் போட்டிக்கு எனக்கும் ஒரு தொப்பி எடுத்து வைத்திருக்கிறாராம். போவேன், வேடிக்கை பார்க்க.