5,200 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன்: ரிம் மாற்றப் போகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலை செப்பாங் பந்தயத் தடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன். இன்னும் கை நடுங்குகிறது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

என்னுடையது டொயோட்டா 86. கம்பெனி ரிம் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) விட்டம் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 48; டயர் 215/45 ஆர் 17, அதாவது அகலம் 215 மில்லிமீட்டர். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது; எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும். பந்தயத் தடத்துக்கு அது மெலிது. பலரைக் கேட்டு, இரண்டு வாரம் கணக்குப் போட்டு, அகலம் 9, ஆஃப்செட் 42, டயர் 245/40 ஆர் 17 என்று முடிவு செய்தேன். டயரின் விட்டம் 3 மில்லிமீட்டர்கூட மாறாது. 18 அங்குலம் பார்க்க அழகுதான். எடையும் ஏறும், டயர் விலையும் ஏறும்.

கோலாலம்பூரில் ரிம், டயர் விற்கும் கடை ஒன்று. பெயர் போட மாட்டேன். நுழைந்ததும் "பசியாறிவிட்டாயா தம்பி?" என்றார் கடைக்காரர். தே தாரிக் வந்தது. அளவு எழுதிய தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இப்படி அளவு தெரிந்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் தாள் அவர் பையில். என் 5,200 வெள்ளி அவர் மேசையில். ரசீதில் "ரிம், டயர் 1 செட்" என்று மட்டும் எழுதினார். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

செப்பாங்கில் நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவு வலப்பக்கம் திரும்பும். காரின் பாரம் முழுவதும் இடது முன்சக்கரத்தில் இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் கருகும் வாடை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ரிம்மின் பின்புறம் ஆஃப்செட் 30 என்று பொறித்திருக்கிறது. கேட்டதைவிட 12 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு, மட்கார்டில் உரசி, டயரின் தோள் கிழிந்துவிட்டது. புத்தம் புதியது என்று விற்ற டயரில், காரின் உள்ளே பார்த்த பக்கத்தில் தேதி எண் 3118. அதாவது 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம்!

உடனே அழைத்தேன். "42 எல்லாம் கிடைக்காது, 30தான் எல்லாரும் போடுகிறார்கள், மட்கார்டு விளிம்பை மடித்துவிடு" என்றார். பிறகு "நீ ஓட்டிய விதம் சரியில்லை." பிறகு "முதலாளி பினாங்கு போயிருக்கிறார்." பேசுகிறவரே முதலாளி! புலனத்தில் அனுப்பிய படங்களைப் பார்த்தார், பதில் இல்லை. 5,200 வெள்ளி. என் ஒன்றரை மாத மிச்சம்.

அளவு தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரிம்மைக் காரில் மாட்டும் முன் திருப்பிப் போட்டு எண்ணைப் படியுங்கள். டயரின் இரண்டு பக்கமும் பாருங்கள், தேதி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அகலம், ஆஃப்செட், டயர் அளவு மூன்றும் ரசீதில் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள். தே தாரிக் குடிக்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். கையில் இருப்பது "1 செட்" ரசீதும் நான்கு படங்களும்தான். அளவு எழுதிய தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்.