இசட்எஃப்எஸ்: கோட்டாவா, ரெஃப்கோட்டாவா?

"500 ஜிபியில 200 ஜிபி அழிச்சிட்டேன் சார், இன்னும் கோட்டா தாண்டிட்டதுனு சொல்லுது!" இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த ஃபோன் பழகியதுதான். அவர் அழித்தது உண்மை. ஆனால் அந்த 200 ஜிபியை ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) பிடித்துவைத்திருக்கிறது.

இடத்துக்கு வரம்பு வைக்க இரண்டு வழி. 'கோட்டா' என்பது அந்த டேட்டாசெட் (ஃபைல்கள் இருக்கும் தனிப் பகுதி), அதன் கீழுள்ள கிளை டேட்டாசெட்டுகள், ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும். 'ரெஃப்கோட்டா' இப்போது கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை மட்டும் எண்ணும். மேலே சொன்ன நிலையில், இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டினால், கோட்டா வைத்த இடத்தில் மொத்தமே 300 ஜிபி, 100% நிரம்பியது என்று வரும். 500 எங்கே போனது என்று பயனர் திகைப்பார். ரெஃப்கோட்டாவில் 500இல் 300 போக 200 மீதி என்று, அவர் எதிர்பார்த்தபடியே காட்டும் (பூலில், அதாவது எல்லா டேட்டாசெட்டும் பகிர்ந்துகொள்ளும் மொத்தச் சேமிப்பில், இடம் இருந்தால்).

அப்படியானால் ரெஃப்கோட்டாவே போதுமே? போதாது. ஸ்னாப்ஷாட்டுக்கு வரம்பே இல்லாமல் போகும். தினமும் பெரிய ஃபைல்களை எழுதி அழிக்கும் ஒரே டீம் மொத்த பூலையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். திட்டு விழுவது நமக்கு.

நான் இரண்டையும் சேர்த்தே வைப்பேன்: ரெஃப்கோட்டா 500, கோட்டா 700. இடையிலுள்ள 200 ஸ்னாப்ஷாட்டுக்கு. பேக்கப் மட்டும் வந்து விழும் டேட்டாசெட்டுக்கு வெறும் கோட்டா போதும். அங்கே ஃபோன் போட ஆளில்லை. புகார் வந்தால் முதலில் 'இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ்' கட்டளை கொடுத்து, ஸ்னாப்ஷாட் பிடித்த இடத்தைக் காட்டும் யூஸ்ட்ஸ்னாப் பத்தியைப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.